ஐஸ் வைக்காத டாக்டர்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழ் மருத்துவப் பக்கத்தில் ஒரு வரி: 'தலையில் பலத்த அடியா? உடம்பைக் குளிர வைத்தால் மூளை தப்பிக்கும்.' சாட்சிக்குக் கார் பந்தய வீரர் ஷூமாக்கர். 2013 டிசம்பரில் பனிச்சறுக்கில் விழுந்தவரை பிரான்சின் கிரெனோபிள் நகர டாக்டர்கள் 34, 35 டிகிரி செல்சியஸில் (சாதாரண உடல் சூடு 37) வைத்திருந்தது உண்மைதான். பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியாமலா இருக்கும்! 2015-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் தலையில் அடிபட்ட 387 பேர். குளிர வைக்கப்பட்டவர்கள்தான் மோசமானார்கள். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2018-இல் ஆஸ்திரேலியாக்காரர்கள் முன்நின்று 511 பேரிடம் பார்த்ததிலும் பலனில்லை. மண்டைக்குள் அழுத்தம் இறங்குகிறது, சரி. ஆள் தேறுவதில்லையே?

எனக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்பீர்கள். ஆறு வருஷத்துக்கு முன் என் அக்கா மகன் பைக்கிலிருந்து விழுந்தான். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் பத்திரமாக இருந்தது. அப்போதும் தாங்கள் இதே சங்கதியைப் போட்டிருந்தீர்கள். அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஐசியு வாசலில் நின்று, "பையனுக்கு ஏன் ஐஸ் வைக்கவில்லை? பணம் கட்டினால்தான் வைப்பீர்களா?" என்று கத்தினேன். அந்த டாக்டர் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். காய்ச்சல் ஏறாமல் பார்த்துக்கொள்வது வேறு, 33 டிகிரிக்கு இறக்குவது வேறு; இறக்கினால் ரத்தம் சரியாக உறையாது, நிமோனியா பிடிக்கும் என்று பொறுமையாகச் சொன்னாள். நான் கேட்கவில்லை. பத்திரிகையில் போட்டிருக்கிறதே! பையன் பிழைத்தான், வலது கை மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. அந்தப் பெண் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டாள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்க்கவே இல்லை.

அப்போதே தங்களுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். வெளியானது கடைசி வரி மட்டும்: 'மற்றபடி இதழ் அருமை.' பாகற்காய் ஜூஸ் குடித்தால் இன்சுலின் வேண்டாம் என்று தாங்கள் எழுதியபோது நான் போட்ட கடிதமும் வரவில்லை. வாசகர்களுக்கு ஐஸ் வைப்பதில் மட்டும் குறை வைப்பதில்லை.

கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில், அதே மருத்துவப் பக்கத்தில், அதே எழுத்து அளவில் நான்கு வரித் திருத்தம். ராசிபலனுக்குக் கீழே வேண்டாம். இந்த முறை 'இதழ் அருமை' என்று எங்கும் எழுதவில்லை, தேட வேண்டாம்.

இப்படிக்கு,
22 வருஷச் சந்தாதாரர்,
தென்காசி