பென் டேப்லட்: பெட்டியில் போட்ட எண்ணை நம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கையை ஒட்டி, கணினியில் படம் வரையப் பழகுகிறவர்களுக்கான கருவிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் மட்டுமல்ல, சுவாமிமலை, தஞ்சாவூர், திருபுவனம் பக்கத்துத் தொழில் குடும்பங்களும் பென் டேப்லட் (கணினியோடு இணைத்து, பேனாவால் வரையும் பலகை) விசாரிக்கிற காலம் இது. கட்டுரை நல்ல நேரத்தில்தான் வந்தது. ஆனால் அதில் இரண்டு வரிகள் பல வீட்டுக் காசைக் கரைத்துவிடும். 'பிரஷர் லெவல் 16,384 என்றால் 8,192-ஐ விட இரு மடங்கு நுட்பம்' என்பது ஒன்று. (பேனாவின் அழுத்தத்தை எத்தனை படிகளாகப் பிரித்து உணர்கிறது என்பதுதான் பிரஷர் லெவல்.) 'வசதி இருந்தால் திரை உள்ளதையே வாங்குங்கள்' என்பது மற்றொன்று; பலகையே திரையாக இருந்து, அதன்மேலேயே வரையும் வகை அது.

முதலில் பிரஷர். சாதாரணமாக நாம் வரைவது 8-பிட் படம். அதில் ஒரு நிறம் மங்கலிலிருந்து அழுத்தமாக மாற 256 படிகள்தான் உண்டு. 40 பிக்சல் பிரஷ் ஒன்று மெலிந்து தடிப்பதற்கும் ஏறக்குறைய 40 படிகள்தான். 8,192 என்ன, 16,384 என்ன, அந்த நுட்பம் போய் உட்கார இடமே இல்லை. கையில் தெரிகிற வித்தியாசம் வேறு: கோடு விழுவதற்குப் பேனா கேட்கிற முதல் அழுத்தம். நல்ல பேனா 3 கிராம் அளவிலேயே கோட்டைத் தொடங்கிவிடும். மட்டமான பேனாவில் அமுக்கினால்தான் வரும். புருவத்தின் வால், துணி மடிப்பின் நுனி போன்ற மெல்லிய முடிவுகள் பட்டென்று அறுந்து நிற்கும். இதைக் கடையிலேயே சோதிக்கலாம். பேனாவின் பின்முனையை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, அதன் சொந்த எடையிலேயே பலகைமேல் இழுங்கள். மெல்லிய கோடு விழுந்தால் தாராளமாக வாங்கலாம்.

அடுத்தது அளவு. பெட்டியில் போட்டிருப்பது வெளி அளவாக இருக்கலாம். பேனாவை உணரும் பரப்பு அதைவிடச் சிறியது. வேக்கம் கம்பெனியின் இன்டுவோஸ் மாடலில் சிறியது 152 × 95 மி.மீ., நடுத்தரம் 216 × 135 மி.மீ. சாதாரண 15.6 அங்குல மடிக்கணினித் திரையின் அகலம் சுமார் 345 மி.மீ. அப்படியானால் சிறிய பலகையில் கை 1 மி.மீ. நகர்ந்தால் திரையில் கோடு 2.3 மி.மீ. ஓடும், நடுத்தரத்தில் 1.6 மி.மீ. கை நடுக்கமும் அதே கணக்கில்தான் பெருகும். ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பத்துக்கு முகம் திருத்துகிறவர்களுக்குச் சிறியது போதும். அது மணிக்கட்டு வேலை. முழங்கையை அசைத்து நீளக் கோடு இழுக்கப் பழக வேண்டிய மாணவருக்குச் சிறியதை வாங்கித் தந்தால் ஆறு மாதத்தில் மூலையில் கிடக்கும். நடுத்தரத்துக்குக் கீழே இறங்க வேண்டாம்.

வாங்கிய பிறகு பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பலகைகள் பெரும்பாலும் 16:10 விகிதம், மடிக்கணினித் திரைகள் பலவும் 16:9. டிரைவரை (டேப்லட்டைக் கணினியில் இயக்கும் மென்பொருள்) தொடாமல் விட்டால் முழுப் பலகையும் முழுத் திரைக்கு நீட்டப்படும். கை சரியான வட்டம் போட, திரையில் அது 11 விழுக்காடு அகலமான முட்டையாக விழும். கண் அதைத் திருத்தச் சொல்லும். கையும் மெல்லப் பழகி, முட்டை போட்டு வட்டம் வாங்கும். பிறகு அதே கை காகிதத்துக்குப் போனால், சிலையைச் சுற்றி வரும் திருவாசி வளைவு அகலம் ஒடுங்கி உயர்ந்துபோகும். அளவு குறிக்கும் ஓலைக் கீற்றான ஓடியோலையை மடித்து, சிலையின் உயரத்தை 124 பாகமாகப் பிரிக்கும் உத்தம தசதாள அளவைப் பிடிக்கிற சுவாமிமலைப் பட்டறைப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. டிரைவரில் விகிதத்தைக் காக்கும் தேர்வைப் போட்டுவிடுங்கள். 216 × 135 பலகையில் உயரம் 121.5 மி.மீ. ஆகக் குறையும், அடியில் ஒரு பட்டை வீணாகும், போகட்டும்.

இப்போது நடுக்கம். கோடு ஆடுகிறது என்று கடைக்கும் வீட்டுக்குமாக அலைகிறவர்கள் மூன்று வேறு கோளாறுகளை ஒன்றாக நினைக்கிறார்கள். ஒரு ஸ்கேலைச் சாய்வாக வைத்து, அதன் ஓரமாக மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். அலை ஒரே இடைவெளியில், ரம்பப் பல் போல ஒழுங்காக வந்தால் அது பலகையின் குணம். உள்ளே கம்பிச் சுருள்கள் வரிசையாக ஓடுகின்றன. இரண்டு சுருளுக்கு நடுவே பேனா எங்கே இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கிறது, அந்தக் கணக்கு சரியில்லை. அந்த மாடலை வாங்காதீர்கள். வேகமாகச் சுழற்றிய வட்டம் பலகோணமாக விழுந்தால் கணினி திணறுகிறது, அல்லது டிரைவர் குழம்பியிருக்கிறது. ஒழுங்கே இல்லாமல், பேனாவை ஒரே இடத்தில் வைத்தாலும் புள்ளி துடிக்கிறது என்றால், பழி பெரும்பாலும் டேப்லட்டின் மேல் இல்லை. வீட்டு எர்த்தின் மேல்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளின் பிளக் பாயிண்டில் எர்த்துக்கான மூன்றாவது துளை இருக்கும், அதற்குப் பின்னால் கம்பி இருக்காது. அல்லது மூன்று முள் பிளக்கை இரண்டு முள் கன்வெர்ட்டரில் செருகியிருப்பார்கள். மடிக்கணினியின் உலோக ஓரத்தைத் தடவினால் லேசாகச் சுர்ரென்கிறதே, அதே கசிவுதான் பேனாவின் சிக்னலையும் கலக்குகிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் வரைந்து பாருங்கள். நடுக்கம் நின்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவர் கடையில் எர்த் சரியாக இருக்கும், அங்கே பேனா சமர்த்தாக வரையும். மட்டமான சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போதும் இதே துடிப்பு வரலாம்.

திரை உள்ளதா, இல்லாததா என்பதற்கு வருகிறோம். திரை உள்ளது ஏறக்குறைய மூன்று நான்கு மடங்கு விலை. பேனா படுகிற இடத்திலேயே கோடு தெரியும் என்பதைத் தவிர வேறு பெரிய லாபமில்லை. அந்த லாபமும் கண்ணாடியும் திரையும் ஒட்டியிருக்கும் லேமினேட்டட் வகையில்தான் முழுசாகக் கிடைக்கும். ஒட்டாத வகையில் இடைவெளியால் நுனி ஓரிடமும் கோடு ஓரிடமுமாகத் தெரியும். நாள் முழுக்கக் குனிந்து வரைவதில் கழுத்து போகும். திரை இல்லாததில் தலை நிமிர்ந்திருக்கும். கையைப் பார்க்காமல் வரைவது இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மின்சாரம் போனால் திரை இல்லாதது மடிக்கணினி பேட்டரியிலேயே ஓடும். திரை உள்ளது தனி மின்சாரம் கேட்கும், அல்லது அந்த பேட்டரியைச் சீக்கிரம் குடித்துவிடும்.

அப்படியும் திரைதான் வேண்டும் என்றால், பணம் கட்டுமுன் மடிக்கணினியைக் கடைக்கு எடுத்துப் போங்கள். ஒரே கேபிளில் எல்லாம் நடக்கும் என்பார்கள். அது நடக்க யுஎஸ்பி-சி துளை படத்தையும் அனுப்ப வேண்டும். விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் அது தரவுக்கு மட்டும்தான். அப்போது எச்டிஎம்ஐ ஒன்று, யுஎஸ்பி ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று என முக்கிளைக் கேபிள் வேண்டும். எச்டிஎம்ஐ துளையும் இல்லையென்றால் வாங்கியது வெறும் கண்ணாடிப் பலகைதான்.

கணினியின் மெமரியையும் பார்க்க வேண்டும். ஏ3 தாள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3508 × 4961 பிக்சல். முழுதும் நிறம் பூசிய ஒரு லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்) சுமார் 70 எம்பி பிடிக்கும். 20 லேயரில் 1.4 ஜிபி, செய்ததை மீட்டுத் தரும் அன்டூவின் கணக்கு தனி. 4 ஜிபி மெமரி உள்ள பழைய மடிக்கணினியில் ஏ4 அளவோடு நின்றுகொள்வது நல்லது. புது டேப்லட்டுக்கு முன்னால் 8 ஜிபி ஆக்குவது மேல். முப்பரிமாண உருவத்தைக் கணினி முழுப் படமாக்கும் ரெண்டரிங்கில் டேப்லட்டால் ஒரு நொடிகூட மிச்சமாகாது. அந்த வேலை பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் உரியது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவம் செதுக்கும்போதுதான் பேனா அழுத்தம் கைகொடுக்கும்.

பழைய டிரைவரை நீக்கி, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டுத்தான் புதியதை ஏற்ற வேண்டும். இரண்டு கம்பெனி டிரைவர் ஒன்றாக இருந்தால் அழுத்தம் வேலை செய்யாமல் போகலாம். இலவச மென்பொருளான கிரிட்டாவில் அழுத்தம் வரவில்லை என்றால், அதன் டேப்லட் அமைப்பில் பேனா அழுத்தத்தை வாங்கும் வழியாக 'விண்டோஸ் இங்க்' அல்லது 'விண்டாப்' எது இருக்கிறதோ, டிரைவரிலும் அதுவே இருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் எட்டுப் புகார் இங்கேயே தீரும்.

பேனாவின் நுனியில் செருகும் நிப் தேய்கிற பொருள். ஒரே கோணத்தில் பிடிப்பதால் நுனி உளிபோல ஒருபக்கம் சாயும், அந்த விளிம்புதான் பரப்பைக் கீறும். பேனாவை அவ்வப்போது விரலில் திருப்பிப் பிடியுங்கள். ஜன்னல் திறந்த வீட்டில் தினமும் பலகையைத் துடைத்துவிட்டே தொடங்குங்கள்; ஒரு மணல் துகள் நிப்புக்கடியில் மாட்டினால் போதும். கம்பெனிக்குக் கம்பெனி நிப் மாறும். எனவே வாங்கும்போதே பத்து நிப் கூடுதலாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்காத பிராண்டு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

தஞ்சாவூர் ஓவியத்துக்குக் கோட்டுப்படம் எடுப்பவர்களுக்கு ஒரு வசதி: பென்சில் படத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பலகைமேல் ஒட்டி, அதன்மேலேயே பேனாவை ஓட்டலாம். காகிதத்தின் வழியாகவும் பேனா படிக்கும். மேலே சொன்ன விகிதம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். திருபுவனத்துப் பட்டு டிசைன்காரர்களுக்கோ இதில் எதுவுமே பெரிதாகத் தேவையில்லை. தறியில் டிசைன் நெய்வதற்கான ஜக்கார்டு வரைபடத்தில் ஒரு கட்டம் என்றால் பாவில் ஓர் இடம், ஊடையில் ஓர் இழை. நிறம் பூசியது அல்லது பூசாதது, நடுவில் அழுத்தம் என்ற பேச்சே இல்லை. இருக்கிற மவுஸே போதும்.

இந்த வகைக் கருவிகளின் பட்டியலைத் தாங்கள் மறுபடி வெளியிடும்போது, பிரஷர் லெவல் இருந்த கட்டத்தில் உணரும் பரப்பை மில்லிமீட்டரிலும், விலைக்குப் பக்கத்தில் ஒரு பாக்கெட் நிப்பின் விலையையும் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கணினி ஓவியப் பயிற்றுநர்கள்,
கும்பகோணம்.