ஆங்கில வினைச்சொற்களைப் பட்டியலாக அச்சிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் எந்த ஆங்கில வினைச்சொல்லுக்கு எந்தப் பிரிபொசிஷன் என்று வாரந்தோறும் பட்டியல் வருகிறது: டிபெண்டுக்கு 'ஆன்', வெயிட்டுக்கு 'ஃபார்', லிசனுக்கு 'டு'. பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்ப இது போதும். பேச்சிலும் எழுத்திலும் இது உதவுவதில்லை, சில இடங்களில் தவறை வளர்க்கவும் செய்கிறது.

முதல் காரணம், பிரிபொசிஷன் வேண்டிய வினைகள் மட்டுமே பட்டியலில் இடம்பெறுகின்றன. நம்மவர்கள் அதிகம் சறுக்குவது பிரிபொசிஷன் வேண்டாத வினைகளில். 'வி டிஸ்கஸ்டு அபௌட் த ப்ராப்ளம்' என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். 'பிரச்சினையைப் பற்றிப் பேசினோம்' என்ற தமிழ் வாக்கியம்தான் இதற்குக் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிக் காரணம். மீதி ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது. 'எ டிஸ்கஷன் அபௌட் த ப்ராப்ளம்' என்பது முழுக்கச் சரி. டிஸ்கஷன் பெயர்ச்சொல். அதனால் ஒரு செயப்படுபொருளை நேராக ஏற்க முடியாது, நடுவில் ஒரு பிரிபொசிஷன் வேண்டும். டிஸ்கஸ் வினைச்சொல். அது செயப்படுபொருளை நேராகவே ஏற்கும்: 'வி டிஸ்கஸ்டு த ப்ராப்ளம்'. இரண்டும் ஒரே வேர் என்பதால் பெயர்ச்சொல்லுக்கு உரிய 'அபௌட்' வினையிலும் ஒட்டிக்கொள்கிறது.

இந்த ஒன்றைப் புரியவைத்தால் ஒரு பெரிய கூட்டமே சரியாகிவிடும். விடுப்புக் கடிதத்தில் 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்று எழுதுகிறார்கள். 'மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி, ஏனென்றால் அங்கே அது பெயர். வினையாக வரும்போது 'ஐ ரிக்வெஸ்ட் லீவ்' என்று நேராகவோ, 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ்' என்று ஆளைச் சேர்த்தோ எழுத வேண்டும். ஓட்டலில் 'ஐ ஆர்டர்டு டூ தோசாஸ்', ஆனால் 'ஆன் ஆர்டர் ஃபார் டூ தோசாஸ்'. 'எம்ஃபசிஸ் ஆன் கிராமர்', ஆனால் 'ஷி எம்ஃபசைஸ்டு கிராமர்'. 'இன்வெஸ்டிகேஷன் இன்டு த ஆக்சிடென்ட்', ஆனால் 'தே இன்வெஸ்டிகேட்டட் த ஆக்சிடென்ட்'. விசிட், அட்டாக், டிமாண்ட், ஆன்சர், லாக் எல்லாம் இதே வகை. மாணவர் சோதித்துப் பார்க்க வழி எளிது. அந்தச் சொல்லுக்கு முன்னால் எ, த, மை, ஹிஸ் போன்ற ஒன்று நின்றால் அது பெயர், பிரிபொசிஷனைத் தேடலாம். செய்பவரை அடுத்து நின்றால் வினை, சேர்க்கும் முன் ஒருமுறை அகராதியைப் பார்க்க வேண்டும். பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் டிபெண்ட், டிபெண்டன்ஸ் போல இரண்டிலும் 'ஆன்' கேட்கும் சொற்களும் உண்டு.

தலைகீழான பிழையும் இருக்கிறது. 'எக்ஸ்பிளெய்ன் மீ' என்பது 'எனக்கு விளக்குங்கள்' என்பதிலிருந்தும், 'டெல் மீ', 'ஷோ மீ' என்ற பழக்கத்திலிருந்தும் வருகிறது. எக்ஸ்பிளெய்ன், சஜெஸ்ட், சே ஆகியவை ஆளை நேராக ஏற்காது. 'எக்ஸ்பிளெய்ன் இட் டு மீ' என்றுதான் வர வேண்டும். வேண்டாத சொல் நுழைவதும் உண்டு. சமாளிப்பதைச் சொல்ல 'கோப் அப் வித்' என்கிறார்கள். அதில் உள்ள 'அப்', 'கீப் அப் வித்', 'கேட்ச் அப் வித்' இரண்டிலிருந்தும் தொற்றியது. 'கோப் வித்' போதும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். 'லுக் அட்', 'டர்ன் ஆஃப்' இரண்டையும் பட்டியல் ஒரே வரிசையில் வைக்கிறது. இரண்டும் வேறு வேறு அமைப்பு. 'டர்ன் ஆஃப் த ஃபேன்', 'டர்ன் த ஃபேன் ஆஃப்' இரண்டும் சரி. ஃபேனுக்குப் பதில் 'இட்' வந்தால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டுமே சரி. 'டர்ன் ஆஃப் இட்' ஆங்கிலமே அல்ல. 'லுக் அட்' அப்படிப் பிரியாது. எப்போதும் 'லுக் அட் இட்' தான். காதும் இதைக் காட்டிக்கொடுக்கும். 'டர்ன் இட் ஆஃப்' என்பதில் அழுத்தம் 'ஆஃப்' மேல் விழும். 'லுக் அட் இட்' என்பதில் அழுத்தம் 'லுக்' மேல் விழ, 'அட்' ஒடுங்கி மெலிந்துவிடும். வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகாத மாணவருக்கு இந்த வேறுபாடு பிடிபடாது.

'ஃபேனை ஆஃப் பண்ணு' என்று தமிழில் வினை வேலையைப் 'பண்ணு' பார்த்துக்கொள்கிறது. அதே பழக்கத்தில் 'ஆஃப் த ஃபேன்', 'ஆன் த லைட்' என்று ஆங்கிலத்திலும் சொல்லிவிடுகிறோம். அங்கே 'பண்ணு' இல்லை, டர்ன் அல்லது ஸ்விட்ச் வந்தாக வேண்டும்.

வேலை தேடுவோரை அதிகம் வாட்டும் 'லுக் ஃபார்வர்ட் டு' (ஆவலோடு எதிர்பார்த்தல்) பற்றியும் எழுதுங்கள். 'டு'வைப் பார்த்ததும் 'ஹியர்' என்று எழுதுகிறார்கள். 'ஹியரிங்' என்றுதான் வரும். 'டு'வுக்குப் பின் ஒரு பெயரை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' நிற்கிறது, ஆகவே அந்த 'டு' பிரிபொசிஷன், பின்னால் வரும் வினைக்கு 'இங்' வேண்டும். 'ஐ வாண்ட் டு யுவர் ரிப்ளை' நிற்கவில்லை, ஆகவே அங்கே 'டு ஹியர்'.

மூன்றாவது, தங்கள் செய்திப் பிரிவையும் தொடும் விஷயம். 'அட்' பல வினைகளோடு சேரும்போது குறிவைத்தலைக் காட்டும். 'த்ரோ த பால் டு ஹிம்' என்றால் அவர் பிடிப்பதற்காகப் போடுவது. 'அட் ஹிம்' என்றால் அவர் மேல் படுவதற்காக எறிவது. 'ஷவுட் டு' என்பது தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கூவுவது, 'ஷவுட் அட்' கோபத்தில் கத்துவது. 'போலீஸ் ஷாட் ஹிம்' என்றால் குண்டு பட்டிருக்கிறது. 'போலீஸ் ஷாட் அட் ஹிம்' என்றால் அவரை நோக்கிச் சுட்டார்கள், பட்டதா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. ஏஜென்சி செய்தியை மொழிபெயர்க்கையில் இரண்டையும் 'சுட்டனர்' என்று போட்டால் நடந்ததே மாறிவிடும். 'புட் ஆஃப்' தள்ளிவைத்தல், 'கால் ஆஃப்' கைவிடுதல். 'ரிசல்ட் இன்' பின்னால் வரும் விளைவைச் சொல்லும், 'ரிசல்ட் ஃப்ரம்' காரணத்தைச் சொல்லும். இவை துணையாசிரியர் மேசையில் ஒட்டிவைக்கத் தக்கவை.

1755-ல் தன் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறுவதுதான் அயல்மொழியாருக்கு மிகப் பெரிய தொல்லை என்று முன்னுரையிலேயே எழுதினார். நம் மாணவர் இதில் தடுமாறுவதை மந்தபுத்தி என்று யாரும் ஏச வேண்டியதில்லை.

நம் நாட்டு வழக்கு எல்லாமே பிழையும் அல்ல. 'பாஸ்டு அவுட் ஆஃப் காலேஜ்' என்றால் இங்கே எல்லோருக்கும் புரியும். சென்னை பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் நடப்பதும் 'பாஸிங் அவுட் பரேடு' தான். ஆனால் வெளிநாட்டுக்குப் போகும் விண்ணப்பத்தில் 'கிராஜுவேட்டட் ஃப்ரம்' என்று எழுதச் சொல்லுங்கள், அங்கே 'பாஸ்டு அவுட்' என்றதும் மயங்கி விழுந்ததாகத்தான் முதலில் தோன்றும். 

வாரம் இருபது வினை வேண்டாம், மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கியம் ஒன்று, அதே வாக்கியம் 'இட்' அல்லது 'ஹிம்' வைத்து இன்னொன்று, அதே வேரின் பெயர்ச்சொல் வரும் வாக்கியம் இருந்தால் அதுவும் ஒன்று, நம்மவர் செய்யும் பிழை அடித்துக் காட்டப்பட்டு ஒன்று. லுக் ஆஃப்டர், லுக் ஃபார், லுக் இன்டு, லுக் அப் நான்கையும் ஒரே நாளில் போடாதீர்கள். ஒரே முகமுள்ளவற்றைச் சேர்த்துப் படித்தால் எது எதற்கு என்று மறுநாளே கலங்கிவிடும். 'லுக் ஆஃப்டர்' இந்த வாரம் வந்தால் 'லுக் ஃபார்' ஒரு மாதம் கழித்து வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
மயிலாடுதுறை