அகல டயர் வாங்குமுன் ரிம்மின் அகலத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்குவதற்கு முந்திய வாரங்களில் திருகோணமலை டயர்க் கடைகளில் கூட்டம் கூடும். மொட்டையான டயரை மாற்ற வரும் சிறிய கார்க்காரர் பலரிடம் ஒரு கேள்வி இருக்கும்: "ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் கொஞ்சம் அகலமாய்ப் போடலாமா?" கடையில் இருப்பவர் ரிம்மின் விட்டத்தை மட்டும் பார்த்து, "14 தானே, ஏறும் அண்ணை" என்பார். ஏறுவது உண்மைதான். 14 அங்குல ரிம்மில் 14 அங்குல டயர் எதுவும் ஏறும். ஆனால் ரிம்மில் ஏறுவது வேறு, ரிம்முக்குப் பொருந்துவது வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் 4 டயருக்கும் காசைக் கொடுத்துவிட்டு, பிறகு ஸ்டியரிங் பாரமாக இருக்கிறது, நடுப்பகுதி தேய்கிறது, மழைக்குள் வழுக்குகிறது என்று அலைபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது ரிம்மின் அகலம். இரும்புச் சில்லு என்றால் பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றி, வால்வுத் துளைக்குப் பக்கத்திலோ நடுத்தட்டிலோ துணியால் துடைத்துப் பாருங்கள். 14 × 5 ஜே என்பதுபோல ஒரு குறி பதிந்திருக்கும். அலோய் சில்லில் பெரும்பாலும் பின்புறத்தில் இருக்கும். 14 என்பது விட்டம், 5 என்பது டயர் உட்காரும் இரண்டு விளிம்புகளுக்கும் இடையிலுள்ள தூரம், அங்குலத்தில். யப்பான் சில்லுகளில் 4½ என்ற இலக்கம் நெருக்கமாகப் பொறிக்கப்பட்டு 41/2 போலத் தெரியும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது நாலரை. துருப்பிடித்து எழுத்து அழிந்திருந்தால் டயரைக் கழற்றும்போது உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளவுகோல் வைத்து அளக்கலாம். வெளிவிளிம்பை அளந்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதலாகக் காட்டும். பிழை அதிகம் நேர்வது அந்த இடத்தில்தான்.

டயர் செய்பவர்கள் ஒவ்வோர் அளவுக்கும் குறைந்தது இத்தனை, கூடியது இத்தனை என்று ரிம் அகலத்தை வரையறுத்திருக்கிறார்கள். 175/65 ஆர்14 டயருக்கு (அகலம் 175 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் விட்டம் 14 அங்குலம்) 5 முதல் 6 அங்குலம். 185/60 ஆர்14, 185/65 ஆர்14 இரண்டுக்கும் 5 முதல் 6½ அங்குலம், அவற்றை அளந்து பார்க்கும் நியம ரிம் 5½. 165/65 ஆர்14 டயருக்கு 4½ முதல் 6 அங்குலம்.

இனி இதை நம் வீதிகளில் ஓடும் கார்களோடு பொருத்திப் பார்ப்போம். டொயோட்டா விட்ஸின் சாதாரண வகைகளில் 165/70 ஆர்14 டயரும் 5 அங்குல ரிம்மும் வரும். அதில் 175/65 ஆர்14 போடலாம். அனுமதித்த எல்லையின் அடிப்படியில் நின்றாலும் பொருந்தும். விட்டம் 587 மில்லிமீற்றரிலிருந்து 583 ஆகிறது, வேகமானியில் தெரியாத வித்தியாசம். பாரச் சுட்டெண் 81 இலிருந்து 82 ஆகும், அதாவது ஒரு டயர் தாங்கும் எடை 462 கிலோவிலிருந்து 475 கிலோவாகக் கூடும். 175/70 ஆர்14 கேட்பவர்களும் உண்டு. அதன் விட்டம் 601 மில்லிமீற்றர். கார் 7 மில்லிமீற்றர் உயரும், வேகமானி 60 காட்டும்போது உண்மையில் 61½ இல் ஓடும், 1000 சிசி எஞ்சின் ஏற்றத்தில் திணறும். 185 அதே ரிம்மில் ஏறும், எல்லைக்குள்ளும் இருக்கிறது, ஆனால் நியம ரிம்மிலிருந்து அரை அங்குலம் குறைவு. அப்படி அரை அங்குலம் குறையும்போது டயரின் அகலமும் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் சுருங்கும். காசு கொடுத்தது 185 க்கு, கிடைப்பது அதைவிட ஒடுங்கியது. மீதி அகலம் பக்கச்சுவரில் புடைப்பாகப் போய் நிற்கும்.

சுசுகி வேகன் ஆரில் 155/65 ஆர்14 டயர், 4½ அங்குல ரிம். இதே வண்டியின் 15 அங்குலச் சில்லு வகைக்குத் தயாரிப்பாளரே 165/55 ஆர்15 டயரை 4½ அங்குல ரிம்மில் போட்டு அனுப்புகிறார்கள். ஆகவே 165 என்ற அகலம் இந்த ரிம்முக்குப் புதிதல்ல. ஆனால் 14 அங்குலத்தில் 165/65 எடுத்தால் விட்டம் 557 இலிருந்து 570 மில்லிமீற்றராகி 2 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். 165/60 ஆர்14 எடுத்தால் 554, அது சரி. 175 இந்த ரிம்முக்கு வேண்டவே வேண்டாம். 145/80 ஆர்12 போட்ட அல்ட்டோவை அப்படியே விட்டுவிடுவது நல்லது என்பதே என் கருத்து. 155/70 ஆர்12 போட்டால் விட்டம் 15 மில்லிமீற்றர் குறைந்து அடிப்பகுதி பள்ளத்தில் தட்டும், தாங்கும் எடையும் குறையும். 155/80 போட்டால் 16 மில்லிமீற்றர் கூடிவிடும். இரண்டும் 3 சதவீதத்தைத் தொடுகின்றன.

அகலத்தில் ஏன் ஒரே ஒரு படிக்கு, அதாவது 10 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது? ஒடுங்கிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் டயரின் கம்பி வைத்த இரண்டு உள்விளிம்புகளும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். பக்கச்சுவர் வெளியே புடைக்கும், தரையைத் தொடும் பகுதி மேடாக வளையும். அப்போது நடுப்பகுதிதான் அதிக பாரம் சுமக்கும். சில மாதங்களில் நடு தேய்ந்து ஓரங்கள் புதிதாகவே இருக்கும். இதைப் பார்க்கிறவர் காற்று கூடிவிட்டது என்று நினைத்துக் காற்றை இறக்குவார். இறக்கியதும் புடைத்த பக்கச்சுவர் இன்னும் அதிகமாக மடிந்து மடிந்து நிமிரும், அந்த மடிப்பில் சூடு பிறக்கும். கச்சான் காற்று வீசும் ஆடி வெயிலில் 5 பேரும் பொதிகளுமாகக் கந்தளாய் வழியே ஹபரணை வரை ஒரே ஓட்டமாக ஓடினால் அந்தச் சூடு இறங்க நேரமே இருக்காது. டயர் வெடிப்பதற்கு வீதியிலிருந்த கல்லைக் குற்றம் சொல்வோம். காரணம் பல மாதங்களுக்கு முன்பே கடையில் தொடங்கியிருக்கும்.

அகல டயர் வீதியில் அதிக ரப்பரை வைக்கும், அதனால் பிடி கூடும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு முன்சில்லில் 300 கிலோ எடை இறங்குகிறது, காற்றழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு 2.2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 300 ஐ 2.2 ஆல் வகுத்தால் 136 சதுர சென்ரிமீற்றர். ஒரு தபாலட்டையின் அளவு. அதே எடைக்கும் அதே காற்றுக்கும் 165 ஆனாலும் 185 ஆனாலும் தரையைத் தொடும் பரப்பு பெரிதாக மாறாது. மாறுவது வடிவம். ஒடுங்கிய டயரில் தபாலட்டை நீளவாக்கில் கிடக்கும், அகல டயரில் குறுக்காகத் திரும்பிக் கிடக்கும். காய்ந்த வீதியில் வளைவில் திரும்பும்போது குறுக்கு வடிவம் உதவும், அதை மறுக்கவில்லை. மழையில் நிலைமை வேறு. நிலாவெளி வீதியில் ஓரத்துத் தண்ணீர் நடுவுக்கு ஏறி நிற்கும் நாளில் அகல டயர் தன் முன்னால் அதிக தண்ணீரைத் தள்ள வேண்டும். கார் பாரம் குறைந்தது என்பதால் தண்ணீரை அழுத்தி வெளியேற்றும் பலமும் குறைவு. அதனால் அகல டயர் குறைந்த வேகத்திலேயே தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும். மிதக்கும்போது ஸ்டியரிங் திடீரென்று இலேசாகும், பிரேக் பிடித்தாலும் கார் கேட்காது. இரவில் யானை குறுக்கிடும் ஹபரணைப் பாதையில் ஓடுகிறவர்களுக்கு இதன் பொருள் தெரியும்.

மழைக்காலப் பிடிக்கு அகலத்தைவிட மூன்று விடயங்கள் முக்கியம்: டயரில் வெட்டிய பள்ளத்தின் ஆழம், டயரின் வயது, சரியான காற்று. பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும், அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயர் முடிந்தது. மாரிக்கு 3 மில்லிமீற்றராவது மிச்சம் இருக்க வேண்டும். வயதுக்கு, பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் உள்ள 4 இலக்கங்களைப் பாருங்கள். 3524 என்றால் 2024 ஆம் ஆண்டின் 35 ஆம் வாரம். இந்த 4 இலக்கம் ஒரு பக்கச்சுவரில் மட்டும் இருக்கலாம், எனவே மாட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று பழைய இறக்குமதி டயரை வாங்குகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். ரப்பர் இறுகிய பிறகு பள்ளம் எவ்வளவு இருந்தும் ஈர வீதியில் பிடிக்காது.

அளவு முடிவானதும், வாங்குவதற்கு முன் காரில் இருக்கும் பழைய டயரை வைத்தே இடைவெளியை அளக்கலாம். ரிம் மாறாததால் 10 மில்லிமீற்றர் அகலம் கூடும்போது உள்ளே 5, வெளியே 5 என்று பிரியும். ஸ்டியரிங்கை இடமும் வலமும் முழுமையாக ஒடித்து, டயருக்கும் ஷொக் அப்சோபருக்கும், டயருக்கும் உள்மட்கார்ட்டுக்கும் இடையில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அதிலிருந்து 5 ஐக் கழித்த பிறகும் 6 மில்லிமீற்றராவது மிஞ்ச வேண்டும். விட்டம் கூடுகிற அளவென்றால் கூடுதலில் பாதியை மேல்பக்கமும் கழியுங்கள். பின்சில்லில் வெறும் காரை அளப்பதில் பயனில்லை, பின்சீற்றில் மூவரை இருத்தி அளக்க வேண்டும். புதிய டயர் போட்ட பின் அதன் தோள்பட்டையில் சோக்குக் கட்டியால் ஒரு கோடு முழுச் சுற்றுக்கும் இழுத்துவிட்டு, ஆட்களோடு ஒரு மேடு பள்ளமான ஒழுங்கைக்குள் போய்வந்தால், கோடு அழிந்த இடம் உரசும் இடம் எது என்று காட்டிக்கொடுக்கும்.

கடற்கரை ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. உப்புக்காற்றில் இரும்பு ரிம்மின் உள்விளிம்பு செதில் செதிலாகத் துருப்பிடிக்கும். புது டயர் அந்தத் துருவின்மேல் உட்கார்ந்தால் கிழமைக்கு கிழமை காற்று இறங்கும், ஆணி தேடித் தேடி ஆள் களைத்துவிடுவார். பழைய டயர் கழன்ற கையோடு கம்பித் தூரிகையால் அந்த இருக்கையைத் தேய்த்துத் துப்புரவாக்கச் சொல்லுங்கள். ரப்பர் வால்வைப் புதிதாகப் போடுங்கள். வழுக்குவதற்கு டயர்ச் சவர்க்காரம்தான் பூச வேண்டும், கிரீஸோ பழைய எண்ணெயோ ரப்பரைக் கெடுக்கும். விளிம்பு உட்காரக் காற்றை அடிக்கும்போது 40 பி.எஸ்.ஐ. தாண்டக் கூடாது. உட்காராவிட்டால் காற்றை இறக்கி, மறுபடி சவர்க்காரம் பூசி முயல வேண்டும், அழுத்தத்தைக் கூட்டுவது ஆபத்து. உட்கார்ந்ததும் ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். சுற்றிவர ஒரே இடைவெளியில் அது தெரிய வேண்டும், ஓரிடத்தில் அமிழ்ந்திருந்தால் அங்கு சரியாக உட்காரவில்லை.

காற்றளவை சாரதிப் பக்கக் கதவுத் தூணில் உள்ள ஒட்டியைப் பார்த்து அடியுங்கள். எழுத்து யப்பான் மொழியாக இருந்தாலும் இலக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். 240 (கிலோபாஸ்கல்) என்றிருந்தால் 6.9 ஆல் வகுங்கள், ஏறத்தாழ 35 பி.எஸ்.ஐ. டயரின் பக்கச்சுவரில் உள்ள உச்ச அழுத்தம் உங்கள் காருக்கான அளவு அல்ல. காலையில், ஓடுவதற்கு முன் அளப்பதே சரி. ஒரு படி அகலம் கூடியதற்காகக் காற்றைக் குறைக்க வேண்டாம். நிலாவெளி மணலில் புதைந்தால் மட்டும் 18 வரை இறக்கி வெளியே எடுக்கலாம், தார் வீதி ஏறுமுன் பழைய அளவுக்குத் திரும்ப அடிக்க வேண்டும்.

4 டயரையும் ஒன்றாக மாற்ற வசதியில்லை என்றால் ஒரே அச்சில் உள்ள இரண்டும் ஒரே அளவாக இருக்கட்டும், புதியவை பின்னால் போகட்டும். முன்னால்தானே இழுவை என்று புதிதை முன்னால் போட்டால், ஈரத்தில் பின்பக்கம் முதலில் வழுக்கிக் கார் சுழலும். ஸ்பெயார் டயர் பழைய அளவில் இருந்தால் அது அடுத்த டயர்க் கடைவரை போவதற்கு மட்டும்தான்.

டயர்க் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பற்றுச்சீட்டில் விலையை மட்டும் எழுதாமல் ரிம்மின் அகலம், டயரின் அளவு, பாரச் சுட்டெண், டி.ஓ.டி. 4 இலக்கம் ஆகியவற்றையும் எழுதிக் கொடுங்கள். ரிம் அகலத்தை எழுத வேண்டுமானால் மூடியைக் கழற்றிப் பார்த்தாக வேண்டும், அந்த ஒரு நிமிடத்திலேயே பாதித் தவறுகள் தடுபடும். நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, டோர்க் ரென்ச் வைத்து முறுக்குங்கள். டொயோட்டாவுக்கு 103 நியூட்டன் மீற்றர். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டால் நடுவழியில் பெட்டிச் சாவியோடு நிற்கும் ஒருவரால் அதைக் கழற்ற முடியாது. புது டயரோடு போகிறவரை 100 கிலோமீற்றர் ஓடியதும் திரும்ப வரச் சொல்லி, நட்டுகளை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாகன வேலை அறிந்த வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.