பேரனுக்குக் காட்ட வேண்டிய கார்கள்

அன்புள்ள மகளுக்கு,

நீங்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற செய்தி கேட்டதிலிருந்து அம்மா பலகாரத்துக்கு மா இடிக்கத் தொடங்கிவிட்டா. என் பங்குக்கு இருப்பது உன்ர மகன் கேட்ட விசயம். யாழ்ப்பாணத்து றோட்டுகளில் பழைய கார்கள் இன்னும் ஓடுதா, எங்கே போனால் காணலாம் என்று கேட்டான். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். எழுதுகிறேன், வாசித்துக் காட்டு.

கலியாண வீட்டுக்குப் பூச்சோடித்து வருகிற ஒஸ்ரினைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று முதலில் சொல்லிவை. அதெல்லாம் வாடகைக்கு மினுக்கி வைத்தது, எப்போதும் காணலாம். விடியற்புறம் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிக்கொண்டு போகிற மொறிஸ் மைனர்தான் அருமை. டிக்கி மூடாது, கயிற்றால் கட்டியிருக்கும். மருதனார்மடம், சுன்னாகம் சந்தைப் பக்கம் வெள்ளனப் போவோம். அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்று அகப்படும்.

மைனரின் வயதைக் கண்ணாடியில் பார்க்கலாம். முன்கண்ணாடி நடுவில் ஒரு சட்டத்தோடு இரண்டு துண்டாக இருந்தால் 1956க்கு முந்தியது. அதற்குப் பிறகு வந்த மைனர் 1000க்கு வளைந்த ஒற்றைக் கண்ணாடி. கதவுகளுக்கு நடுவில் உள்ள தூணிலிருந்து கை நீட்டுகிற மாதிரி எழும்புகிற சிக்னல் இன்னும் வேலை செய்தால், அந்தச் சொந்தக்காரரோடு நின்று கதைக்காமல் வரக்கூடாது.

ஒஸ்ரின் ஏ40இல் ஆட்கள் குழம்புவார்கள். அந்தப் பெயரில் ஒன்றுக்கொன்று முகச்சாயலே இல்லாத கார்கள் வந்தன. முதலில் டெவன். பிறகு 1952இலிருந்து 54 வரை மட்டும் செய்த சொமசெற், உருண்டு திரண்டு பூசணிக்காய் போல இருக்கும், கியர்த்தடி ஸ்ரேரிங்குக்குக் கீழே. 1958இல் வந்த ஏ40 இத்தாலியப் பினின்ஃபரீனா வரைந்தது, நேர்கோடும் மூலையும். என்னைக் கேட்டால் சொமசெற்றுக்குக் கிட்ட எதுவும் வராது.

நம்பர் பிளேட்டையும் வாசிக்கப் பழக்கு. ஈ.எல்., ஈ.வை. என்று இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் சிலோன் காலத்துப் பதிவு. ஐம்பதுகளின் பின்பாதியில் அது போய்ச் சிங்கள எழுத்தில் ‘ஸ்ரீ’ வந்தது. 1957, 58இல் இங்கே அந்த ஸ்ரீயைத் தார் பூசி அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள், மறியலுக்கும் போனார்கள். ஒரு தகரத்துண்டில் இவ்வளவு கதை இருக்கிறது என்று அவனுக்கு நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு கார் இங்கே ஏன் மிஞ்சியது என்றும் கேட்டான். பழசில் ஆசைப்பட்டு எவரும் வைத்திருக்கவில்லை. அறுபதுகளில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதியை இறுக்கினார்கள். 1977இல் கதவு திறந்தபோது ஜப்பான் கார்கள் வந்தன. எங்களுக்கு அது அனுபவிக்கக் கிடைக்கவில்லை, சண்டையும் பொருளாதாரத் தடையும் வந்துவிட்டன. உள்ளதை ஓட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

தொண்ணூறுகளில் பெற்றோல் கிடைக்காமல் எங்கட ஏ40 மண்ணெண்ணெயில் ஓடியது உனக்கு மணத்தோடு ஞாபகம் இருக்கும். எப்படி ஓடியது என்று இப்போதைய பொடியளுக்கு விளங்காது. அந்தக்கால எஞ்சினின் அழுத்த விகிதம் குறைவு, அதனால் மட்டமான எரிபொருளையும் தாங்கும். ஆனால் குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாது. பொன்னைப்போல வைத்திருந்த போத்தில் பெற்றோலில் கொஞ்சம் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்போம். எரியாமல் மிஞ்சியது ஒயிலுக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், அடிக்கடி மாற்றாவிட்டால் பேரிங் போய்விடும். கணினி வைத்த இன்றைய காருக்கு இந்த வைத்தியம் செய்து பார்க்கட்டும்! 95 ஐப்பசியில் சண்டைக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது, உன்ர அப்பம்மாவை அந்தக் காரில்தான் கொண்டுபோனோம்.

2002இல் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்தபின் வான்களும் மோட்டார் சைக்கிள்களும் வரத் தொடங்கின. 2009க்குப் பிறகு பழசெல்லாம் ஒவ்வொன்றாக வேலிக்கரைக்குப் போனது. தெற்கிலிருந்து வந்து விலைபேசி வாங்கிப் போனவர்களும் உண்டு. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது திரும்பவும் பழைய காருக்கு மவுசு வந்தது. 2025இல் தடை எடுபட்டிருக்கிறது, இனி எது மிஞ்சும் என்று பார்ப்போம். ஆகவே கண்ணை றோட்டில் மட்டும் வைத்தால் காணாது. ஒழுங்கைகளில் நடக்கும்போது பனையோலை மறைப்புக்குள்ளும் மாமரத்தடியிலும் எட்டிப் பார்க்கச் சொல். படம் எடுக்க முந்தி வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். தேத்தண்ணி தந்து முழு வரலாறும் சொல்லித்தான் விடுவார்கள், நேரம் வைத்துக்கொண்டு போகவேண்டும்.

கொடிகாமம், பருத்தித்துறைப் பக்கம் ஆளும் சாமானும் ஏற்றி ஓடின தட்டிவானையும் காட்டலாமென்று இருக்கிறேன். அது தனிக்கதை, வந்த பிறகு சொல்கிறேன்.

கடைசியாக ஒரு வேலை. எங்கட ஒழுங்கைக் கராஜ்காரர் ஒரு மைனரை எழுப்புகிறார். அதன் முன்சில்லைத் தாங்குகிற திருகு மூட்டு தேய்ந்துபோச்சு. கிறீஸ் இல்லாமல் விட்டால் அது கழன்று சில்லு அப்படியே சரிந்துவிடும், மைனருக்கு உள்ள பெரிய வியாதி அதுதான். இங்கிலாந்தில் புதிதாகச் செய்து விற்கிறார்கள், ரொறன்ரோவுக்கு எடுப்பித்து உன்ர பெட்டியில் கொண்டுவா. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வேறுவேறு, இரண்டும் வேண்டும். காசு அவர் தருவார். மருமகனிடம் நிறையைக் கேட்டுப் பார், பாரமான சாமான்.

அன்புடன்,
அப்பா