சிறு வீடுகளுக்குச் சொத்துவரி விலக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் 600 சதுர அடிக்கு உட்பட்ட சொந்த வீட்டில் தாமே குடியிருப்போருக்குச் சொத்துவரியிலிருந்து முழு விலக்கு அளிக்கத் தமிழக அரசு முன்வர வேண்டும். 2022-ஆம் ஆண்டுச் சீராய்வின்போது அரசே 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளைத் தனிப் பிரிவாக வகுத்து, மாநகராட்சியின் பழைய (2011 விரிவாக்கத்துக்கு முந்தைய) பகுதிகளில் அவற்றுக்கு 50 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவீதமும் வரியை உயர்த்தியது. சிறு வீட்டுக்காரரால் அதிகம் தாங்க இயலாது என்பதை ஏற்ற அரசு, உயர்வைக் குறைத்ததோடு நின்றுவிட்டது.

சென்னையில் தெருவாரியாக நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை விகிதத்தைக் கொண்டே ஒரு கட்டடத்தின் ஆண்டு மதிப்பு, அதாவது ஓராண்டில் அதற்குக் கிடைக்கக்கூடிய வாடகையின் மதிப்பீடு, கணக்கிடப்பட்டு அதன்மீது வரி விதிக்கப்படுகிறது. திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ விகிதம் உயர்ந்த தெருவில் பெற்றோர் விட்டுச்சென்ற சிறு வீட்டில் வாழும் ஓய்வூதியருக்கு, அந்த மதிப்பு ஏட்டில்தான் இருக்கிறதே தவிர, வாடகையாக ஒரு ரூபாயும் கைக்கு வருவதில்லை. குடிநீர், கழிவுநீர் வரியும் இதே ஆண்டு மதிப்பில் 7 சதவீதமாக விதிக்கப்படுவதால் சுமை மேலும் கூடுகிறது. அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் செலுத்துவோருக்கு அளிக்கப்படும் 5 சதவீத ஊக்கத்தொகையும் இவர்களுக்குப் பெரிதாக உதவுவதில்லை. 600 ரூபாய் வரி கட்டுபவருக்கு 30 ரூபாய் மிஞ்சும், பெரிய கட்டடத்தின் உரிமையாளருக்கோ 5,000 ரூபாய் வரை கிடைக்கும்.

மும்பையில் 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 2019-இல் அறிவிக்கப்பட்ட விலக்கு, பொது வரி என்ற ஒரு பகுதியை மட்டுமே நீக்கியதால், மற்ற இனங்களுக்கான தொகை தொடர்ந்து கேட்கப்பட்டது. 2022-இல்தான் முழு விலக்கு முடிவானது. நாமும் அந்த வழியில் காலத்தை வீணாக்காமல், குடிநீர், கழிவுநீர் வரியையும் சேர்த்தே விலக்க வேண்டும். கேரளத்தில் 2023 முதல் 60 சதுர மீட்டர் வரையுள்ள வீடுகளுக்கு, ஒருவருக்கு ஒரு வீடு என்ற வரம்புடன் விலக்கு நடைமுறையில் உள்ளது. அந்த வரம்பு நமக்கும் அவசியம். இல்லையேல் பல சிறு வீடுகளை வாங்கி வாடகைக்கு விடுவோரே பயன் அடைவர். ஆனால் அடுக்குமாடி வீடுகளை ஒதுக்கும் அவர்களது விதியை மட்டும் நாம் பின்பற்றலாகாது. வீட்டுவசதி வாரியம் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்குக் கட்டியவற்றில் பல அடுக்குமாடிகளே.

மாநகராட்சியின் வருவாய் குறையும் என்ற கவலை நியாயமானது. சாலை, தெருவிளக்கு, குப்பை அகற்றல் ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த வருவாயே ஆதாரம். ஆகவே, விலக்கை அறிவிக்கும் அரசே அந்த இழப்பை ஆண்டுதோறும் மானியமாக மாநகராட்சிக்கு ஈடுசெய்யவும், குடியிருப்பு எனப் பதிவாகி வணிகத்துக்குப் பயன்படும் கட்டடங்களை மறுஅளவீடு செய்து உரிய வரியை வசூலிக்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை.