எங்கள் ஆன்டெனா வேறு பக்கம் பார்த்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாக உங்கள் ஞாயிறு இணைப்பில் எண்பதுகள், தொண்ணூறுகளின் நினைவுகளைப் பலரும் எழுதி வருகிறார்கள். ஆசையாகத்தான் வாசிக்கிறேன், குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் யார் எழுதினாலும் அதே வெள்ளிக்கிழமை இரவு, சென்னை தூர்தர்ஷனின் அதே ஒலியும் ஒளியும் சினிமாப் பாட்டு, தெருவே ஒரு வீட்டுத் திண்ணையில் கூடிய அதே கதை. நாலு வாரம் தொடர்ந்து வாசித்த பிறகு நான் வளர்ந்தது தமிழ்நாட்டில்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் டிவி வந்து வெகுகாலம் வரை ஒலியும் ஒளியும் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. மதுரையிலிருந்து லீவுக்கு வரும் அத்தை மகன் அதைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வான், நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம்.

எனக்கு ஊர் களியக்காவிளை. கடைத்தெருவைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் கேரளம், அடுத்த ஊர் பாறசாலை. 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்கள் விளவங்கோடு தாலுகா முழுக்கத் திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது. இங்கிருந்து திருவனந்தபுரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம், சென்னை எழுநூறுக்கு மேல். இதில் எந்த ஊர்ப் படம் எங்கள் வீட்டு டிவியில் தெரிந்திருக்கும் என்பதை உங்கள் கணக்குக்கே விடுகிறேன்.

அந்த டிவி 1986 கடைசியில் வந்தது. கறுப்பு வெள்ளை, முன்னால் இழுத்து மூடுகிற மரக்கதவு வைத்த பெட்டி. ஆன்டெனாவுக்கு இரும்புக் குழாய் வாங்கக் கையில் காசு மிஞ்சவில்லை என்று அப்பா தோட்டத்தில் ஒரு கமுகைத் தறித்து, தோல் சீவி, அதன் உச்சியில் கட்டினார். காற்றடித்தால் கமுகு ஆடும், படமும் சேர்ந்து ஆடும். கூரைமேல் ஏறித் திருப்புவது என் வேலை. முற்றத்தில் அக்கா, உள்ளே டிவிக்கு முன்னால் அம்மா. அம்மா சொல்வதை அக்கா எனக்குக் கத்திச் சொல்வாள், அதற்குள் நான் இன்னும் கொஞ்சம் திருப்பியிருப்பேன். "இப்ப ஒரு ஆளு ரெண்டா தெரியுது", "ஆளு போச்சு, சத்தம் மட்டும் வருது", "அங்கதான், அங்கதான், கையை எடுக்காத!" கையை எடுத்தால் படம் போய்விடும். ஒருநாள் சினிமா முடியும் வரை நான் கமுகைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கூரையிலேயே உட்கார்ந்திருந்தேன், கதை முழுவதையும் அக்கா கீழே இருந்து சொன்னாள். இன்றைக்கும் அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. கதை மட்டும் நன்றாகத் தெரியும்.

திருவனந்தபுரம் தூர்தர்ஷன் 1985 ஜனவரி 1 முதல் மலையாள நிகழ்ச்சிகள் போட ஆரம்பித்திருந்தது. ஆகவே எங்களுக்கு சித்ரகீதம் என்ற மலையாள சினிமாப் பாட்டு நிகழ்ச்சி, ஞாயிற்றுக்கிழமையானால் மலையாளப் படம், மலையாளத்தில் செய்தி. இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாக ஞாபகம் இல்லை. 1987இல் ராமாயணம் வந்தபோது அதை இந்தியில் பார்த்தோம், அதற்கு மலையாளம் எவ்வளவோ மேல்.

தமிழ் வேண்டுமென்றால் ஆன்டெனாவை நேர் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். எங்களுக்குத் திருவனந்தபுரம் வடமேற்கு, இலங்கை தென்கிழக்கு. இலங்கை அரசு டிவியான ரூபவாஹினியின் ஒளிபரப்புக் கோபுரம் அந்நாட்டின் மிக உயரமான மலையான பிதுருதலாகலவின் உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இங்கிருந்து எப்படியும் 400 கிலோமீட்டருக்குக் குறையாது. காற்றே அசையாமல் புழுங்குகிற சில இரவுகளில் அவ்வளவு தூரம் கடலைத் தாண்டி அந்தப் படம் எங்கள் கமுகுக்கு வந்து சேரும். பாதி சிங்களம், அப்புறம் தமிழ்ச் செய்தி, எப்போதாவது ஒரு தமிழ்ப் பாட்டு. திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும், அதற்குள் முகம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களான நாங்கள் டிவியில் தமிழ் கேட்க இலங்கை வரைக்கும் போனோம் என்பதை உங்கள் இணைப்பில் யாரும் இதுவரை எழுதவில்லை.

ரேடியோவிலும் இதே கதைதான். காலையில் திருவனந்தபுரம் வானொலி. ஆறு ஐம்பத்தைந்துக்கு சமஸ்கிருதச் செய்தி வரும். வீட்டில் ஒருவருக்கும் ஒரு சொல் புரியாது, ஆனால் "இயம் ஆகாசவாணி" என்று தொடங்கி, வாசிப்பவர் "பலதேவானந்த சாகரஹ" என்று தன் பெயரைச் சொன்னால் நான் படுக்கையை விட்டு எழுந்திருக்க வேண்டும், அக்கா குளித்து முடித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கடிகாரமே அவர்தான். மத்தியானம் கை தானாக இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பும். அப்துல் ஹமீத் நடத்திய பாட்டுக்குப் பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான், இப்படி நிறுத்தி, அழுத்தி, ஒரு எழுத்தும் தேயாமல் தமிழ் பேச முடியும் என்று எங்களுக்குத் தெரிந்தது. (ழகரம் மட்டும் எங்களுக்கு முன்பே நன்றாக வரும், மலையாளத்துக்குப் பக்கத்தில் இருந்த புண்ணியம். அத்தை மகன் 'வாளைப்பளம்' என்றதும் விழுந்து விழுந்து சிரிப்போம்.)

1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் வானொலி நிலையம் திறந்தார்கள். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்ற பெருமை அதற்கு உண்டு, இந்த மாவட்டத்திலேயே பலருக்கு அது தெரியாது. எங்கள் பக்கத்துக்கென்று ஒரு தமிழ் நிலையம் வந்துவிட்டது என்று அப்பாவுக்கு ஒரு பாடு சந்தோஷம். சாயங்காலம் ரேடியோவைப் போட்டு முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நாலு தடவை ஓட்டினார். அது எஃப்.எம். நிலையம், எங்கள் பழைய பெட்டியில் எஃப்.எம். கிடையாது. அதைப் பக்கத்துக் கடை ரேடியோ மெக்கானிக் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

அப்புறம் காமிக்ஸ். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு பெட்டிக்கடை, முன்னால் கட்டியிருக்கும் கயிற்றில் ஒரு பாதி பாலரமா, பூம்பாட்டா என்ற மலையாளச் சிறுவர் இதழ்கள், மறுபாதி முத்து, லயன், ராணி காமிக்ஸ். தமிழில் எங்கள் மாயாவி இரும்புக்கை மாயாவி, 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் தெரியும். பாலரமாவிலும் ஒரு மாயாவி இருந்தான். அவன் மந்திரக்கோல் வைத்திருக்கும் குட்டிச்சாத்தான், குட்டூசனும் டாகினியும் அவனை எப்படியாவது குப்பியில் அடைக்கப் பார்ப்பார்கள், ராஜுவும் ராதாவும் கூப்பிட்டால் வந்து நிற்பான். பெயர் ஒன்று, ஆள் வேறு. இது எங்களுக்குள் பெரிய சண்டை. பாறசாலைப் பக்கம் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த கூட்டுக்காரன் ஒருவன் உண்டு. இரண்டு மாயாவியும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று அவனும் நானும் ஒரு கோடை லீவு முழுக்க வாதாடினோம். கடைசியில் அவன் கேட்டான்: "எங்க மாயாவிக்கு மந்திரம் சொன்னா போதும், உன் ஆளுக்கு கரண்டு வேணும். கரண்டு போனா என்ன செய்வாரு?" எங்கள் ஊரில் அன்றைக்கு இருந்த கரண்டு நிலவரத்துக்கு நான் என்ன பதில் சொல்ல? தோற்றுவிட்டேன்.

தோற்றதில் லாபமும் உண்டு. அவனிடம் பாலரமா இரவல் வாங்கித்தான் மலையாள எழுத்துப் படித்தேன். அப்போது இங்கே நேசமணி போக்குவரத்துக் கழக பஸ்கள் ஒருபுறம், ஆனவண்டி என்கிற கேரள அரசு பஸ்கள் மறுபுறம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மலையாள போர்டு வாசிக்கத் தெரியாமல் நிற்கும் வெளியூர்க்காரர்களுக்கு நான்தான் வழிசொல்லி. ஒருவர் எனக்கு ஒரு கட்டஞ்சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும் வாங்கித் தந்தார்.

1991 முதல் ஆறு வருஷம் பாட்டு பதிவு செய்து கொடுக்கிற ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தேன். சட்டப்படி தப்புத்தான், அன்றைக்கு ஊருக்கு ஊர் நடந்த தப்பு. கேசட்டில் பென்சிலை விட்டுச் சுற்றிய கதையை எல்லோரும் எழுதியாயிற்று, அதை விட்டுவிடுகிறேன். கடைக்காரன் பக்கத்து சங்கதி வேறு. அறுபது நிமிஷ கேசட் என்றால் ஒரு பக்கம் முப்பது நிமிஷம், ஆறு பாட்டு நிச்சயம், ஏழாவது பாட்டு அதன் நீளத்தைப் பொறுத்தது. தொண்ணூறு கேட்டு வருகிறவர்களிடம் வேண்டாம் என்பேன். அதில் டேப் மெல்லியது, பழைய செட்டில் போட்டால் உருளையில் சுற்றிக்கொள்ளும். பதிவு முடிந்ததும் கேசட் முதுகில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுப் பிள்ளைகள் சிவப்புப் பட்டனை அழுத்தி அழித்துவிடும்.

வருகிற லிஸ்ட்டைப் பார்த்தாலே இது எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். ஒரே தாளில் நாலு தமிழ்ப் பாட்டு, அதன் கீழே தமிழ் எழுத்தில் நாலு மலையாளப் பாட்டு. ஓணம் வந்தால் யேசுதாஸின் தரங்கிணி கம்பெனி வெளியிடும் ஓணப்பாட்டு கேசட்டுக்கு எங்கள் கடையில் கூட்டம், பொங்கலுக்குத் தமிழ் சினிமாப் பாட்டுக்கு அதே கூட்டம், அதே முகங்கள். இளையராஜா பாட்டு என்றால் எனக்குத் தனித் தலைவலி. அவர் இரண்டு மொழியிலும் போட்டார், சில மெட்டுகள் இரண்டிலும் உண்டு. ஆள் வந்து மெட்டை மட்டும் முணுமுணுப்பார், அவருக்கு வேண்டியது தமிழா மலையாளமா என்று அவர் முகத்தைப் பார்த்து நான் கண்டுபிடிக்க வேண்டும்.

வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு அன்றைக்கு எங்கள் பக்கம் குறைவு. போன் செய்தால் காசு கொட்டும், கடிதம் எழுதக் கை வராது, அதனால் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். ஒருமுறை ஒரு அக்கா வந்து, ஒரு பக்கம் பாட்டுப் பதிந்து மறுபக்கத்தைக் காலியாக விடச் சொன்னார். மஸ்கட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் பேசி அனுப்பவாம். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். "முப்பது நிமிஷம் என்னத்தப் பேச? அஞ்சு நிமிஷத்துல எல்லாம் தீந்து போச்சு. பாக்கிக்குப் பாட்டு போட்டுத் தா, தம்பி." எந்தப் பாட்டு என்றேன். வீட்டுக்காரருக்குப் பிடித்தது என்னவென்றே தெரியவில்லை என்றார்.

பேச்சு முடிகிற இடம் தெரிந்தால்தானே பாட்டை ஆரம்பிக்க முடியும், அதனால் நான் அதைக் கேட்டாக வேண்டியிருந்தது. மரச்சீனி பிடுங்கியது, கூரைக்கு ஓலை மாற்றியது, பெரியவனுக்குக் காய்ச்சல் வந்து போனது, எல்லாம் தமிழில். அவர் நிறுத்துகிற இடத்திலெல்லாம் பின்னால் ஒரு ரேடியோ கேட்டது. திருவனந்தபுரம், மலையாளச் செய்தி. அதை அணைத்துவிட்டுப் பேச வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை, அது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிற வீடு. கடைசியில் சின்னப் பிள்ளை ஒன்று "அச்சா, பந்து வாங்கிட்டு வா" என்று அப்பாவை மலையாளத்தில் கூப்பிட்டுச் சொன்னது, அதோடு பேச்சு தீர்ந்தது. அதற்கு அப்புறம் நான் தமிழ்ப் பாட்டு மூன்றும் மலையாளப் பாட்டு மூன்றும் போட்டுக் கொடுத்தேன்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். இப்போது போனில் தட்டினால் வருகிற பாட்டுக்கு அன்று இரண்டு நாள் காத்திருந்தோம், அதில் என்ன பெருமை? நான் கேட்பது ஒன்றுதான். இனி ஞாயிறு இணைப்பில் 'தமிழ்நாடே பார்த்தது' என்று போடும்போது எங்கள் தாலுகாவைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் செங்கோட்டை, கூடலூர், கம்பம் பக்கத்து வாசகர்களையும் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்ததோ, எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

இன்னொரு சங்கதி, இதையும் சேர்த்துப் போட முடிந்தால் உபகாரம். கடையை மூடும்போது முதலாளி எனக்குக் கொடுத்த இரட்டை டெக் இன்னும் வீட்டில் இருக்கிறது, கேசட்டுகளும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. டெக்கில் உள்ள பெல்ட் மட்டும் இளகிப் பசையாகிவிட்டது. மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு வரை தேடிவிட்டேன். சுற்றி எங்கே பார்த்தாலும் ரப்பர் மரம், இருந்தும் ஒரு சாண் ரப்பர் பெல்ட் கிடைக்கவில்லை. நாகர்கோவில் பக்கம் பழைய டெக் பழுது பார்க்கிற ஆள் யாராவது இன்னும் இருந்தால் உங்கள் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதட்டும். செலவு என்னவென்றாலும் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
களியக்காவிளை வாசகன்