பெயர் தெரியாத அந்தத் தன்னார்வலருக்கு

அம்மா இறந்த 11ஆம் நாள் இரவு, "என் ஜெபம் ஏன் கேட்கப்படவில்லை?" என்று இணைய அரட்டையில் கோபமாகத்தான் எழுதினேன். விசுவாசத்தைப் பகிர முன்வந்த தன்னார்வலர் நீங்கள் என்பது மட்டுமே தெரியும்.

உடனே வசனங்களை அடுக்குவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ முதலில் அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். (அந்தப் பொறுமையை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை.) பிறகு, "இதற்கு என்னிடம் பதில் இல்லை, வேதாகமத்தின் ஜெபப் பாடல்களில் 88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள்" என்றீர்கள். வாசித்தேன். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் நம்பிக்கையில் போய் முடியும். இது இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட அழுகைக்கும் வேதாகமத்தில் இடம் உண்டு என்று அதுவரை எவரும் எனக்குச் சொன்னதில்லை. மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், துன்புற்ற மகனுக்காக இயேசுவிடம் வந்து, விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் ஒரே மூச்சில் அறிக்கையிட்ட தகப்பனையும் காட்டினீர்கள்.

என் பெயரையோ தொலைபேசி எண்ணையோ கேட்கவில்லை. "திரையோடு நின்றுவிடாதீர்கள், அருகில் இருக்கும் ஒருவரிடம் பேசுங்கள்" என்றது மட்டும்தான் உங்கள் வற்புறுத்தல். பேசினேன். இப்போது மீண்டும் ஜெபிக்கிறேன், சில நாள் அழுதபடியே.

உங்களைத் தேடி வந்து நன்றி சொல்ல வழியில்லை. இங்கே எழுதுகிறேன், உங்கள் கண்ணில் படட்டும். மிக்க நன்றி. ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.